காட்டுச் செர்ரிக்குத் தண்ணீர்

22 ஏப்ரல் 2023, சனி

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் வருடாவருடம் சமையலறை ஆட்களுக்கு ஒரு டயரி தருவார்கள். இத்தனை காலமும் அதில் வேலை நேரத்தைத் தவிர வேறொன்றும் நான் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் பார்த்துவிட்டு வந்ததன் அர்த்தத்தை வீட்டில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மரம் பாதிதான் பூத்திருக்கிறது.

சாருஜனின் மரம் ஒரு காட்டுச் செர்ரி. கடைசி பஸ் தரிப்பிடத்தில் இறங்கி இருபத்தைந்து நிமிடம் ஏற வேண்டும். சுவிஸில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. இறந்தவரின் சாம்பலைக் காட்டில் ஒரு மரத்தின் வேரடியில் போடலாம். கல்லறை கிடையாது, பெயர் கிடையாது, மரத்தில் ஒரு சின்ன எண் மட்டும். என் மகனின் எண் 212. காட்டுக்குள் நிற்பவை எல்லாம் பீச்சும் ஓக்கும். செர்ரி உள்ளே நிற்காது. அதற்கு வெயில் வேண்டும், சுண்ணாம்புக் கல் உள்ள சரிவு வேண்டும். ஆகையால் விளிம்பில், புல்வெளி தொடங்கும் இடத்தில், தனியாக நிற்கிறது. அதை யாரும் நட்டதில்லை. ஏதோ ஒரு பறவை பழத்தைத் தின்று கொட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

என் மனைவி யோகமலர் வழக்கம்போலத் தேர்மாஸில் பால் கொண்டுவந்தாள். பூ வைக்கக்கூடாது, மெழுகுதிரி கொளுத்தக்கூடாது, எதையும் ஊற்றக்கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. அதை வாசித்துச் சொன்னவன் நான்தான். முதல் இரண்டையும் சொன்னேன், மூன்றாவதை விட்டுவிட்டேன். இருபத்தெட்டு வருடமாக டொச், அதாவது ஜெர்மன் மொழி, அவளுக்கு என் வாய் வழியாகத்தான் போகிறது. அவள் வேலை செய்யும் சலவைச்சாலையில் எல்லோரும் நம் ஆட்கள், படிக்க வேண்டிய தேவை வரவில்லை.

"இஞ்சாருங்கோ, மேல்கொப்பு ஏன் வெறுமையாக் கிடக்கு?" என்றாள்.

"பிந்திப் பூக்குமாக்கும்."

அவள் தண்டில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சொல்வதையே சொன்னாள். "ஒரு ஆளெண்டாலும் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். அவன்ர வேலையிடத்தில, பள்ளிக்கூடத்தில... ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

23 ஏப்ரல், ஞாயிறு

வேலை 6.30 – 15.00. உருளைக்கிழங்கு நாற்பது கிலோ.

13 மே, சனி

மேல்கொப்பு இன்னும் வெறுமைதான். தண்டில் மூன்று இடத்தில் பிசின் வடிந்து கட்டியாகி நிற்கிறது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் துடைக்காமல் வைத்திருந்தாள். வன அலுவலர் லூத்திக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எனக்கும் பஸ்ஸில் செய்ய ஏதாவது வேண்டுமே.

19 மே, வெள்ளி

சலாட் கழுவிக்கொண்டிருக்கும்போது லூத்தி போன் எடுத்தார். நடுமரம் உளுத்துவிட்டது என்றார். இரண்டு கோடை மழையில்லாமல் போனதும் அதற்கு வாய்ப்பாகிவிட்டது. காப்பாற்ற வழியில்லை, காற்றுக்கு விழுந்தால் ஆட்களுக்கு ஆபத்து, இந்த வருடத்துக்குள் வெட்டத்தான் வேண்டிவரும். ஜூன் பத்தாம் திகதி எங்கள் இருவரையும் அங்கே நேரில் சந்தித்து விளக்குவதாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். இந்த நாட்டில் எதற்கும் நன்றி சொல்லிப் பழகிவிட்டது.

யோகமலருக்கு இன்னும் சொல்லவில்லை. பத்தாம் திகதி அவரே சொல்லட்டும்.

10 ஜூன், சனி

அவர் சொன்னார். முழுவதையும் சொன்னார், நிதானமாக, அவளுடைய முகத்தைப் பார்த்தே சொன்னார். மரச்சுத்தியலால் தண்டைத் தட்டிக் காட்டினார். மேலே நல்ல சத்தம், இடுப்பு உயரத்தில் வெறும் பானைச் சத்தம். அவளுக்கும் அது கேட்டது.

"என்னவாம்?" என்றாள்.

அவள் கையில் தேர்மாஸ் இருந்தது. நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மழை காணாதாம். கொஞ்சம் வாடிப்போச்சாம்."

"அப்ப தண்ணி ஊத்தினா?"

"ஊத்தலாமாம்."

நாங்கள் கதைத்து முடியும்வரை லூத்தி பொறுமையாக நின்றார். நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்து அவளுடைய கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லை. திரும்பி இறங்கும்போது அவள் சொன்னாள்: "நல்ல மனுசன். மழை இல்லையெண்டு சொல்லுறதுக்கே கண் கலங்கிப்போச்சு."

17 ஜூன், சனி

ஒன்றரை லீற்றர் போத்தல் ஆறு. சந்தைக்குக் கொண்டுபோகும் சில்லு வண்டியில் அடுக்கி, பஸ்ஸில் ஏற்றி, மேலே இழுத்துக்கொண்டு போனோம். ஏற்றத்தில் நான் இழுத்தேன், அவள் பின்னால் தள்ளினாள்.

1 ஜூலை, சனி

பன்னிரண்டு போத்தல். அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

உயிரோடிருக்கும் பக்கத்தில் பழம் பழுத்திருக்கிறது. கடையில் விற்கும் செர்ரி மாதிரி இல்லை. சுண்டைக்காய் அளவு, கறுப்பும் சிவப்புமாக, தின்றால் முதலில் கசக்கும், பிறகு இனிக்கும். கரும்பறவைகள் வந்து விழுந்து தின்கின்றன. "வேர் பிடிச்சிட்டுது போல, பாருங்கோ" என்றாள். சாகப்போகும் மரம் சில நேரம் நிறையக் காய்க்கும் என்று லூத்தி போனில் சொல்லியிருந்தார். ஓம், பிடிச்சிட்டுது என்றேன்.

8 ஜூலை, சனி

முப்பத்துநாலு பாகை வெயில். பதினாறு போத்தல்.

15 ஜூலை, சனி

இன்று அவள் மேலே வரவில்லை, முழங்கால். தனியாகப் போய் ஊற்றினேன். ஏன் ஊற்றினேன்? வீட்டுக்கு வந்ததும், ஊற்றியாச்சா என்று கேட்பாள், ஓம் என்று உண்மையாகச் சொல்லலாம். அதற்காக இருக்கலாம்.

2014 ஏப்ரலை இங்கே எழுதிவைக்கிறேன். சாருஜன் போய் நாற்பது நாள். அவள் அந்த நாற்பது நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் எங்கள் விசாவில் அப்போது இலங்கைக்குப் போக முடியாது. சாம்பல் அலுமாரிக்குள் இருந்தது. லூத்தி எங்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஓக் மரங்களைக் காட்டினார். அவள் பின்தங்கி, வெளியே விளிம்பில் வெள்ளை வெளேரென்று நின்ற செர்ரிக்குப் போய், "இது" என்றாள். நாற்பது நாளில் முதல் சொல்.

லூத்தி என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். இது வேண்டாம். ஓக் முந்நூறு வருடம் நிற்கும். காட்டுச் செர்ரி எண்பது தொண்ணூறில் உள்ளுக்குள்ளே உளுத்துப்போகும், இதற்கு அந்த வயது இப்போதே வந்துவிட்டது, பத்து வருடம் நின்றால் பெரிய காரியம். "என்னவாம்?" என்றாள். அது இரண்டாவது சொல்.

"நல்ல தெரிவாம்" என்றேன்.

அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதை நான் இன்றைக்கும் பிழை என்று நினைக்கவில்லை. மற்றது வேறு கதை.

24 ஆகஸ்ட், வியாழன்

கடிதம் வந்துவிட்டது. நவம்பர் 7 வெட்டுகிறார்கள். விரும்பினால் பக்கத்திலுள்ள ஓக் ஒன்றைத் தருவார்களாம், அந்த மண்ணில் ஒரு பிடி அதன் அடிக்கு மாற்றலாமாம்.

"என்ன கடிதம்?"

"காப்புறுதிக்காரர்."

மடித்து இந்த டயரியிலேயே வைத்திருக்கிறேன், நவம்பர் பக்கத்தில். அவளுக்கு டொச் வாசிக்க வராது, ஒளித்து வைக்கவே தேவையில்லை. அப்படியிருந்தும் ஒளித்தேன்.

9 செப்டம்பர், சனி

இலை எல்லாம் இப்போதே சிவந்து விழுகிறது. மற்ற மரங்கள் பச்சையாக நிற்கின்றன. இருபது போத்தல் ஊற்றிவிட்டு அவள் வேரில் குந்தியிருந்தாள்.

"அவனுக்கும் இப்பிடித்தான். நான் என்னத்தைக் குடுத்தும் உடம்பில பிடிக்கேல்லை."

2014 தை மாதம் அவள் சமைத்ததை இங்கே எழுத வேண்டும். ஈரல். தமிழ்க்கடையில் சொல்லி எடுப்பித்த முருங்கையிலை. பேரீச்சம்பழம். விடிய எழும்பி முட்டையை நுரைக்க நுரைக்க அடித்துக் கொதிக்கும் கோப்பி ஊற்றி முட்டைக்கோப்பி. பெடியன் அறைக்குள்ளேயே கிடக்கிறான், வேலைக்குப் போகிறானில்லை, இரத்தம் காணாததால் களைப்பு என்று டொக்டர் சொன்னதாக யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

10 செப்டம்பர், ஞாயிறு

யாரோ இல்லை. நான்.

11 செப்டம்பர், திங்கள்

வேலை 6.30 – 15.00. பின்னேரம் எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் முறை. நிலவறையில் மெஷினுக்கு முன்னால் நின்று, இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மேலே வந்தபோது அவள் அடுத்த சனிக்குப் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

7 அக்டோபர், சனி

தடிமன், காய்ச்சல் என்று சொல்லி நான் போகவில்லை. அவளையும் மறித்துவிட்டேன். இன்னும் ஒரு மாதம். அவளைக் கொண்டுபோய் ஒரு மாதம் சூரிச்சில் அவளின் தமக்கை வீட்டில் விட்டால், திரும்பி வரும்போது காற்றுக்கு விழுந்துவிட்டது என்று சொல்லலாம். காற்றில் மரம் விழுவது உலகத்தில் நடக்காத ஒன்றா? இப்படியெல்லாம் யோசிக்கிறேன். எழுதிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது.

14 அக்டோபர், சனி

நான் வேலையால் வந்தபோது அவளும் இல்லை, சில்லு வண்டியும் இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

தண்டைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறத்தில் பெயின்ற் வளையம் போட்டிருந்தார்கள். அவள் அதற்கு முன்னால் நின்றாள். லூத்தியும் கையில் வரைபடத்தோடு நின்றார். கையாலும் தலையாலும் ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு நிம்மதி.

"என்னவாம்?" என்றாள். வளையத்தைக் காட்டினாள். "இது என்னவாம்?"

லூத்தி திரும்பவும் சொன்னார். நான் ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். உளுத்துப்போச்சு. தண்ணி ஊத்தியும் சரிவராது. நவம்பர் ஏழு வெட்டுகினம். விட்டதும் இல்லை, சேர்த்ததும் இல்லை. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வைகாசி மாசம்."

"தண்ணி?"

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை."

"மரம் எடுக்கேக்க?"

"அப்பவும் சொன்னவர். பத்து வருசம்தான் எண்டு."

அவள் கையிலிருந்த போத்தலை நிலத்தில் வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"வேற ஆர் என்ன சொன்னவை?"

மரத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நான் எடுத்திருக்கலாம். வேற ஒருத்தரும் இல்லை என்று ஒரு வசனம், அவ்வளவுதான், இறங்கி வந்திருக்கலாம். ஆனால் அவளுடைய கண் மரத்தில் இல்லை.

"டொக்டர்" என்றேன். "தை மாசம், அந்த வெள்ளிக்கிழமை. நீரும் பக்கத்தில இருந்தனீர். பெடியன் சாகிறதைப் பற்றிக் கதைக்கிறான், தனிய விடவேண்டாம், இண்டைக்கே கிளினிக்கில சேருங்கோ எண்டு சொன்னவர். நீர் என்னவாம் எண்டு கேட்டனீர். இரத்தம் காணாதாம் எண்டு சொன்னன்."

அவள் வைத்த போத்தலைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"விசர் ஆஸ்பத்திரியில சேர்த்தவை எண்டு சனம் கதைக்கும் எண்டு பயந்தன். திங்கள் சொல்லுவம் எண்டு நினைச்சன். திங்கள் நீர் முருங்கையிலை வாங்கிக்கொண்டு சந்தோசமா வந்தனீர். அதுக்குப் பிறகு சொல்லேலாமப் போச்சு."

"ஏழு கிழமை" என்றாள். "ஏழு கிழமை விடிய விடிய முட்டைக்கோப்பி அடிச்சுக் குடுத்தனான்." பிறகு, "அவனுக்கு அது பிடிக்காது. எனக்காகக் குடிச்சவன்" என்றாள்.

லூத்தி பாவம். நாங்கள் மரத்துக்காகத்தான் இப்படி நிற்கிறோம் என்று நினைத்து, எப்படியாவது ஆறுதல் சொல்லப் பார்த்தார். காட்டுச் செர்ரி தண்டோடு சாகாது என்றார். வெட்டினால் வேர் சும்மா இராது, வசந்தத்தில் சுற்றிப் பத்து அடிக்குள் கன்றுகள் கிளம்பும், அது புது மரமில்லை, இதே மரம்தான். இலைக்காம்பில் இரண்டு சிவப்புப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம்.

நான் அதையும் வசனம் வசனமாகச் சொன்னேன். இரண்டு சிவப்புப் புள்ளியையும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதையும் நீங்களாத்தான் சேர்க்கிறியள்."

"இல்லை மலர், அவர்தான்..."

"காணும், விடுங்கோ."

கொண்டுவந்த போத்தல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து வேரில் ஊற்றி முடித்தாள். பிறகு வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனாள். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

21 அக்டோபர், சனி

சாருஜனின் அறையில் படுக்கிறாள். சமைத்து மூடிவைக்கிறாள், நான் போட்டுச் சாப்பிடுகிறேன். கோபித்துக் கத்தினால் நல்லது. கத்துவதற்குக்கூட நான் அவளுக்கு ஆளில்லை போலிருக்கிறது.

28 அக்டோபர், சனி

தமக்கை பரமேஸ் காரோடு வந்தாள். யோகமலர் ஒரு பெட்டியும், சாருஜனின் பள்ளிக்கூடப் படமும், தேர்மாஸும் எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுத் திறப்பைச் சாவி வளையத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். எத்தனை நாளைக்கு என்று பரமேஸைக் கேட்டேன். "எனக்கு அவள் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள்.

7 நவம்பர், செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் போனேன். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. அடிக்கட்டையில் வளையங்களை எண்ண முடியாது, நடுவில் ஒன்றுமில்லை. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. தூள்தான் வந்தது. ஓக் மரத்தைப் பற்றி லூத்தி கேட்டார். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

22 டிசம்பர், வெள்ளி

அடுத்த வருடத்து டயரி தந்தார்கள்.

16 மார்ச் 2024, சனி

சாருஜன் போய்ப் பத்து வருடம்.

பால் வாங்கிக்கொண்டு போனேன். அடிக்கட்டை ஏற்கனவே நனைந்திருந்தது. குழிக்குள் பால் நின்றது, இன்னும் ஆறவில்லை. மேலேயும் கீழேயும் பார்த்தேன், ஒருவரும் இல்லை. நான் கொண்டுபோனதை ஊற்றாமல் திருப்பிக் கொண்டுவந்து பிரிஜ்ஜில் வைத்துவிட்டேன்.

18 மே, சனி

முளைத்திருக்கிறது.

அடிக்கட்டையிலிருந்து நாலு அடி தள்ளி, புல்லுக்குள்ளே, செம்பு நிறத்தில் சின்னச் சின்ன இலை. முதலில் ஒன்றைக் கண்டேன், பிறகு அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அங்கேயே நின்று போன் எடுத்தேன். ஏழு மாதமாக நான் எடுக்கும் போனுக்கு அவள் பதில் சொன்னதில்லை. இன்று எடுத்தாள்.

"மலர், வந்திட்டுது. லூத்தி சொன்ன மாதிரியே வேரிலயிருந்து வந்திட்டுது."

"எத்தினை?" என்றாள்.

"அஞ்சு."

"எண்ணினனீங்களோ?"

"ஓம்."

"வடிவாப் பாத்தனீங்களோ? அந்தப் புள்ளி?"

"ஓம், இருக்கு."

"சரி" என்றாள். மூச்சு விடுவது கேட்டது. பிறகு வைத்துவிட்டாள்.

நான் எண்ணவில்லை. புள்ளியும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குப் பட்டதைச் சொன்னேன். பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை, அவள் கேட்டதும் வாய் தானாக ஓம் என்றது.

போனைப் பையில் வைத்துவிட்டு முழங்காலை ஊன்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காம்பில் இரண்டு சிவப்புப் புள்ளி. அடுத்ததிலும் இரண்டு. அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும். ஐந்தாவதன் இலை வட்டம், தடவினால் சொரசொரப்பு, காம்பில் ஒன்றுமில்லை. அது வேறு ஏதோ செடி.

திரும்பப் போன் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. பஸ்ஸில் எடுத்தேன், வீட்டுக்கு வந்து எடுத்தேன். கடைசியில், போனில் குரல் பதிவாகும் இடத்தில் செய்தியாகச் சொன்னேன். "மலர், அஞ்சில்லை. நாலு. முதல் சொல்லேக்க நான் பாக்கேல்லை. இப்ப குந்தியிருந்து பாத்தனான். நாலுக்குப் புள்ளி இருக்கு, ஒண்டுக்கு இல்லை."

19 மே, ஞாயிறு

வேலை 6.30 – 15.00. போன் வரவில்லை.